கேட்டோரத்து முருங்கை

மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே
ஒரு கேட், ஒரு அறை, ஒரு கறுப்பு ஃபோன், நான்.

கரும்பு டிராக்டர் மாதையன்
கேட் மூடிக் கிடந்த அரைமணி நேரத்தில்
சும்மா இருக்க முடியாமல் நட்டுவிட்டுப் போனான்
கைத் தடிமனில் ஒரு முருங்கைப் போத்தை.
வெட்டின தலையில் சாணி உருண்டை அப்பி
'தண்ணி நிறைய ஊத்தாதக்கா, அழுகிடும்' என்றான்.
ஊற்றுவதற்கு இங்கே தண்ணீர் எங்கே?
கேனில் மிச்சம், கை கழுவியது,
அவ்வளவுதான் அதற்கு.
மூன்றாம் வாரம் சாணிக்குக் கீழே
பச்சையாய் ஒரு பல் முளைத்தது.

அப்புறம் எல்லாம் அதுவே பார்த்துக்கொண்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் பிரைவேட் நம்பர் சொல்வார்:
அறுபத்து மூன்று.
எழுதிக்கொண்டு கேட்டை இறக்குவேன்.
இறக்கினதும் வண்டிகள் நிற்கும்.
நின்றதும் ஆட்கள் மரத்தடிக்கு வருவார்கள்.

மூட்டு வீங்கிய தக்காளிக் கூடைக்காரர்
பட்டையைச் சுரண்டி மடியில் முடிந்துகொள்வார்,
உப்போடு இடித்துப் பற்றுப் போட.
பிள்ளை பெற்ற இருபதாம் நாள்
புருஷனை அனுப்பியிருந்தாள் ஒருத்தி.
அவன் பூவைப் பறித்துவிட்டு
'இலைன்னு ஒழுங்கா சொல்ல மாட்டியா'
என்று பைக்கில் உட்கார்ந்தபடியே ஃபோனில் சண்டை.
ரத்தம் எட்டு புள்ளி ஒன்று என்று
சீட்டை நீட்டினாள் ஒரு கல்லூரிப் பெண்.
என்னிடம் காட்ட வேண்டியதே இல்லை அந்தச் சீட்டை.
'மாத்திரையை நிறுத்திடாதே, இது கூடத்தான்.
ராகி மாவில் பிசைஞ்சு அடை தட்டு,
தின்னுட்டு எலுமிச்சம்பழம் ஒண்ணு பிழிஞ்சு குடி'
என்று கிளையை வளைத்துக் கொடுத்தேன்.

எனக்கோ அந்தக் கீரையின் வாசனையே ஆகாது.
இது யாருக்கும் தெரியாது.

தண்டவாள வேலைக்கு வந்த பீகார்க்காரன் உபேந்திர மாஞ்சி
மரத்தைக் கண்டதும் 'சஹஜன்! சஹஜன்!' என்றான்,
ரயிலில் ஊர்க்காரனைப் பார்த்துவிட்டவன்போல.
கடுகு அரைத்துக் காயைக் குழம்பாக்கி
டிபன் மூடியில் எனக்கும் வைத்தான்.
கசந்தது. தின்றேன்.

வைகாசியில், மாங்காய் லோடுகள் வரிசைகட்டும் நாளில்
ஆய்வுக்கு வந்தவர் டேப் பிடித்து அளந்தார்.
சாலையில் வருகிறவனுக்கு ரயிலை மறைக்கிறதாம்.
'வெட்டவும்' என்று பதிவேட்டில் சிவப்பு மை.
நியாயம்தான். நானும் கையெழுத்துப் போட்டேன்.
உபேந்திரன்தான் அரிவாளோடு வந்தான்.
முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுப்பளவில் போட்டான்.
முருங்கைக்கு வலு ஏது, நாலே வெட்டு.

அந்த நேரம் பார்த்து சரக்கு வண்டிக்குக் கேட்.
பன்னிரண்டு வண்டி நின்றது.
திறந்தபோது தரையில் ஒரு குச்சி மிச்சமில்லை.
லோடு லாரியின் தார்ப்பாய்க்கு அடியில்,
சைக்கிள் கேரியரில்,
ஸ்கூட்டியில் ஒரு பெண்ணின் காலடியில் குறுக்காக
கொம்பு கொம்பாகப் போய்விட்டது மரம்.
கடத்தூர்ப் பக்கம், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம்
சாணித் தலையோடு எத்தனை நிற்கின்றனவோ.

ஐப்பசி மழையில் அடிக்கட்டை ஏழு கொம்பு விட்டது.
கூடவே கம்பளிப்பூச்சி.
மூன்று நாள் கழுத்தைச் சொறிந்துகொண்டு
கொடி காட்டினேன், பச்சையும் சிவப்பும்.
முருங்கையை ஒடித்து வளர் என்பார்கள்;
ரயில்வே அதை ரூல் ஆக்கி வைத்திருக்கிறது.

அடுத்த ஆய்வில் அதே ஆள், அதே டேப்.
'வெட்டவும்' என்றே எழுதினார்.
எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் நின்றார்.
'எந்தத் தேதியில வெட்டுவீங்கம்மா?'
'ஏன் சார்?'
'ஜீப்ல பின்னாடி இடம் வெச்சுட்டு வரணும்.'

ஃபோன் அடித்தது. இருபத்தேழு.
எழுதிக்கொண்டேன்.
அவர் ஜீப்புக்கும் சேர்த்துத்தான்
கேட்டை இறக்கினேன்.